வெங்காயத்துக்கு வாங்கு, கோசுக்கு வேண்டாம்

அன்பு நண்பன் சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கிணறு நன்றாக ஊறிவிட்டது என்று படித்து மகிழ்ந்தேன். இங்கும் மழைக்குக் குறைவில்லை. முழங்கால் வலிதான் என்னை விட்டபாடில்லை.

சின்ன வெங்காயம், முட்டைக்கோசு, தண்டுக்கீரை மூன்றுக்கும் சேர்த்து 'வேம்' (VAM) என்னும் வேர்ப்பூஞ்சை உரம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வெங்காயத்துக்கு மட்டும் வாங்கு. கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை அடங்கிய குடும்பமும், தண்டுக்கீரை, பீட்ரூட் அடங்கிய குடும்பமும் பொதுவாக அந்தப் பூஞ்சையை வேரில் அண்டவிடுவதில்லை. நிலத்தில் வளரும் செடிவகைகளில் பெரும்பாலானவை அதை ஏற்றுக்கொள்ள, நீ தேர்ந்தெடுத்த மூன்றில் இரண்டு ஏற்காதவையாக அமைந்தது உன் ராசி!

வெங்காயச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கவனி. தடித்து, கிளைகள் குறைந்து, வேர்த்தூவிகள் அநேகமாக இல்லாமல் இருக்கும். மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டிய மில்லிமீட்டர் கணக்கான மண்ணில் இருப்பதை உறிஞ்சிய பிறகு அடுத்தது தானாக வந்து சேர்வதில்லை. சத்து தீர்ந்துபோன அந்தப் பகுதியைத் தாண்டிச் சென்டிமீட்டர் கணக்கில் இழைகளை நீட்டி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெற்றுக்கொள்கிறது பூஞ்சை. வெறுங்கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. வேரைக் காரக்கரைசலில் வேகவைத்து, பேனா மை கலந்த வினிகரில் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், இழைகள் நீலக்கோடுகளாகத் துலங்கும். மரவள்ளியும் இதேபோல் பூஞ்சையைப் பெரிதும் நம்பியிருக்கும் பயிர். மக்காச்சோளம், மிளகாய், மஞ்சள், வாழை, நிலக்கடலை எல்லாமே இதற்கு இடம் கொடுப்பவைதாம்.

ஆகவே கோசு அறுத்த கையோடு அதே வயலில் வெங்காயம் நடுவதை நான் விரும்பமாட்டேன். ஏற்கும் பயிர் இல்லாத போகத்தில் மண்ணிலுள்ள பூஞ்சை குறைந்துபோகும். இடையில் ஒரு போகம் சோளம் விதைத்தால் மீண்டும் பெருகும்.

வரப்பில் சவுக்கு வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். அது தாராள மனசுக்கார மரம். இந்தப் பூஞ்சையையும் ஏற்கும், வேரின் மேற்புறத்தைப் போர்த்திப் படரும் வேறொரு வகையையும் ஏற்கும், காற்றின் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) பிடித்துத்தரும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிருக்கும் இடம் தரும். கொடைக்கானல் பைன் மரங்கள் அப்படியல்ல. போர்த்திப் படரும் வகையையே அவை சார்ந்திருக்கின்றன. போர்ட்டோ ரிக்கோ தீவில் நட்ட பைன் கன்றுகள் தேறாமலே கிடந்து, 1950-களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே வளர்ந்தன. நீ வாங்கும் கடையில் விற்கும் வேம் பொட்டலம் பைனுக்கு ஆகாது என்பதை யாராவது கேட்டால் சொல்லிவை.

வேமை மேலாகத் தூவிவிடாதே; விதைக்காய் (நடவுக்கான வெங்காயம்) ஊன்றும் குழியில், புதுவேர் இறங்கும்போது தொடும்படி காய்க்கு அடியில் இடவேண்டும். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால், செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேம் வாங்கிய காசு வீண். உன் மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து எந்த அளவில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. அது ஏற்கெனவே அதிகமாக இருந்தால் வெங்காயத்துக்கும் வாங்க வேண்டியதில்லை.

அன்புடன்,
ராமலிங்கம்