விடையைப் பார்க்க மனம் வராத விளையாட்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் மோகம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பணம் வைத்து ஆடும் செயலிகளால் குடும்பங்கள் சீரழிவதைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருப்பவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், திரையில் ஆடப்படும் எல்லாவற்றுக்கும் தூண்டுகோல் வெற்றி வெறியும் பொழுதைக் கொல்லும் ஆசையுமே என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை. மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், சில ஆண்டுகளாகத் தத்துவப் புதிர் விளையாட்டுகளை ஆடி வருகிறேன். அவற்றை நோக்கி மனிதர்களை இழுப்பது எது என்பதை, நான் நன்கறிந்த ஒரு விளையாட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

குரோஷிய நாட்டின் குரோட்டீம் நிறுவனம் உருவாக்கி, 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி டாலோஸ் பிரின்சிபிள்’ தான் அது. டாலோஸ் என்பவன் கிரேக்கத் தொன்மத்தில் கிரீட் தீவைக் காத்து நின்ற வெண்கல மனிதன். அவன் உடலில் ஓடியது ஒரே ஒரு நாளம். அதை அடைத்திருந்த ஆணி பிடுங்கப்பட்டபோது அவன் இறந்தான். உலோகத்தால் ஆன ஒருவன் இறந்தான் என்றால், அதற்கு முன் அவன் வாழ்ந்தான் என்றுதானே ஆகிறது? விளையாட்டு முழுவதும் இந்தக் கேள்வியின் மீதுதான் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆடுபவர் இடிந்த மண்டபங்களுக்கு நடுவே ஓர் இயந்திர உடலில் கண்விழிக்கிறார். எலோஹிம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் குரல் ஒன்று வானிலிருந்து பேசி, தோட்டங்களிலுள்ள புதிர்களைத் தீர்க்கச் சொல்கிறது. நடுவில் நிற்கும் கோபுரத்தில் மட்டும் ஏறக் கூடாது என்று தடை விதிக்கிறது. ஒளிக்கற்றைகளைத் திருப்பிவிடும் கருவிகள், தடுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் கருவிகள், பெட்டிகள், விசிறிகள் ஆகியவற்றைச் சரியான இடத்தில் வைத்தால் வழி திறக்கும். இடையிடையே பழைய கணினிகள் நிற்கின்றன. அவற்றில் மில்டன் என்ற நிரல் நம்மோடு உரையாடி, மனிதர் என்று யாரைச் சொல்வாய், எதனால் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறது. நாம் முன்பு சொன்னதை நினைவில் வைத்திருந்து, பின்னர் சொல்வதோடு அது முரண்படும் இடத்தில் நம்மை மடக்குகிறது.

இந்தப் புதிர்கள் அனைத்துக்கும் விடை இணையத்தில் காணொளியாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும், ஓர் ஒளிக்கற்றையைச் சுவருக்கு அப்பால் கொண்டுசெல்ல முடியாமல் ஒரே அறையில் இரண்டு இரவுகளைக் கழித்திருக்கிறேன். விடையைப் பார்க்க மனம் இடம் தரவில்லை. நோட்ஸைப் பார்த்து எழுதிய கணக்கை மறுநாளே மறந்துவிடும் மாணவன், தானே முட்டி மோதிப் போட்ட கணக்கைப் பல ஆண்டுகள் கழித்துக் கடைத்தெருவில் பார்க்கும்போதும் சொல்லி மகிழ்வதைக் கண்டவன் நான். ஆடுபவருக்கு வேண்டியிருப்பது விடை பிடிபடும் அந்தக் கணம். அதை இன்னொருவர் எடுத்துத் தர முடியாது.

உளவியல் ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் சோமா புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து நடத்திய ஆய்வொன்றை அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டெசி 1971இல் வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு இரண்டாம் அமர்வில் மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் தரப்பட்டது. மூன்றாம் அமர்வில் பணம் நிறுத்தப்பட்டதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரோடு செலவிட்ட பொழுது குறைந்தது. பணமே பெறாத பிரிவினரிடம் அவ்வாறு குறையவில்லை. அதற்கும் முன்பு ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுக்கூடத்தில், தீனி எதுவும் தரப்படாத ரீசஸ் குரங்குகள்கூடக் கொக்கியும் தாழ்ப்பாளுமான புதிரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தன. ஆக, பரிசுக்காக ஏங்குவதும் அறிய ஏங்குவதும் வெவ்வேறு. முன்னதைத் திணித்தால் பின்னது வாடிவிடுவதும் உண்டு. பணம் கட்டி ஆடும் செயலியையும் இத்தகைய விளையாட்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. என் அனுபவத்தில் அதுவே வலுவானது. டாலோஸின் தோட்டத்தில் பூட்டியிருக்கும் ஒவ்வொரு கதவுக்கும் உறுதியாக ஒரு வழி உண்டு. மில்டன் கேட்பவற்றுக்கோ முடிந்த முடிவாக விடை கிடையாது. கதவுகளைத் திறந்து திறந்து, நம்மால் எதையும் கண்டுபிடித்துவிட முடியும் என்ற துணிவு வந்திருக்கும் வேளையில்தான் அந்த விடையற்ற கேள்விகள் நம் முன் வைக்கப்படுகின்றன. என் மனைவி மறைந்த ஆண்டில்தான் நான் இதை ஆடத் தொடங்கினேன். விளையாட்டின் கதைப்படி, கொள்ளைநோயால் மனித குலம் அழிந்துகொண்டிருந்த நாட்களில் அறிவியலாளர் ஒருவர் பதிவுசெய்து வைத்த குரலைத் தோட்டத்தின் மூலைகளில் கேட்கலாம். இல்லாமல் போகப்போகும் ஒருவர், பின்னால் வரப்போகும் யாருக்கோ பொறுமையாகப் பேசுகிறார். ஒருவர் போன பிறகு அவரில் எது எஞ்சுகிறது என்பதை நான் நூல்களில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட இரவில்தான் அது என் கேள்வியாயிற்று. கோபுரத்தில் ஏறுவதா, குரலுக்குப் பணிவதா என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டும். எது நடக்கிறது என்பதை, இனி ஆடப்போகிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

இப்படி வேறு விளையாட்டுகளும் உள்ளன. அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் ஜோனதன் பிளோ 2016இல் வெளியிட்ட ‘தி விட்னஸ்’ ஒரு தீவில் கோடு வரைந்து தீர்க்கும் 500க்கும் மேற்பட்ட புதிர்களை வைத்து, அவற்றின் விதிகளை ஒரு சொல்கூடச் சொல்லாமல், எளியதிலிருந்து கடியதற்கு ஒழுங்காக அழைத்துச் சென்றே கற்பிக்கிறது. ஆசிரியராக எனக்குப் பொறாமை தந்த பாடமுறை அது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்காரி 2019இல் வெளியிட்ட ‘பாபா இஸ் யூ’வில் விதிகளே சொற்கட்டைகளாகக் கிடக்கின்றன, ‘சுவர்’, ‘தடு’ என்ற கட்டைகளின் தொடர்பைக் கலைத்தால் சுவர் தடுப்பதை நிறுத்திவிடுகிறது.

எல்லாரும் இதே காரணத்துக்காக ஆடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தத்துவ உரையாடலைத் தாண்டிக் குதித்துப் புதிரை மட்டும் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தாம் அறிவாளி என்று காட்டிக்கொள்ள ஆடுபவர்களும், செய்ய வேண்டிய வேலைக்கு அஞ்சி இதில் ஒளிந்துகொள்பவர்களும் உண்டு. ஒளிக்கற்றையோடு போராடி நான் தூக்கத்தை இழந்ததும் நல்ல பழக்கமன்று. வீட்டில் பிள்ளைகளுக்கு நேர வரம்பு வைப்பதை முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால், அந்த வரம்பை வைக்கும் பெற்றோர், பிள்ளை எதை ஆடுகிறது என்று ஒரு முறையேனும் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் மதிப்புரை வெளியிடுகிறீர்கள். மாதம் ஒரு முறையாவது இத்தகைய விளையாட்டு ஒன்றை, ஆடி முடித்த ஒருவரைக் கொண்டு எழுதச் செய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.