பைப் பேண்ட் தொடங்கும் பள்ளித் தாளாளர்களுக்கு

வணக்கம்.

பட்டாளத்தில் பைப் ஊதி ஓய்வுபெற்றவர்களைத் தேடிப்பிடித்து பேண்ட் மாஸ்டராக வைக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஜூனில் வேலைக்கு எடுத்துவிட்டு, ஆகஸ்ட் 15க்கு அணிவகுப்பு கேட்கிறீர்கள். அது நடக்கிற காரியமில்லை.

வாயால் ஊதிப் பையில் காற்றை நிறைத்து, கையால் அழுத்தி வாசிக்கும் பேக்பைப்பில் மொத்தமே ஒன்பது சுரம்தான். சிக்கல் வேறு இடத்தில். நாகஸ்வரத்தில் சீவாளி வாயில் இருக்கிறது, நாக்கால் வெட்டலாம். இங்கே அது விரல் வைத்து வாசிக்கும் குழலான சாண்டருக்குள் ஒளிந்திருக்கிறது. பையில் காற்று இருக்கும்வரை ஒலி நிற்காது. ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டுமுறை வர, நடுவில் விரல் இன்னொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு மீள வேண்டும். இதற்கே பை இல்லாத பயிற்சிக் குழலான பிராக்டிஸ் சாண்டரில் குறைந்தது ஆறு மாதம் ஆகும். முதல் நாளே முழு பைப்பைத் தோளில் ஏற்றினால் பிள்ளை கன்னம் உப்ப ஊதும், பயத்தில் விரலை இறுக்கும். அந்தப் பழக்கம் லேசில் போகாது.

ஆகவே முதலில் பிராக்டிஸ் சாண்டர்களை வாங்குங்கள். பைப் வந்தபின், ஒத்துபோல ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் குழல்களான மூன்று டிரோன்களையும் அடைத்துவிட்டு, சாண்டரை மட்டும் ஊதவைப்போம். ஊதுவதை நிறுத்தி மூச்சிழுக்க, பையை இடது கையால் அழுத்துவதற்கு மாறும்போதுதான் சுரம் தொய்யும். அது நேரானபிறகு டிரோன்களை ஒவ்வொன்றாகத் திறப்போம். ஒத்து சேராத நாயனத்தை யார் கேட்பார்கள்?

வாங்கும்போதே ஒரு சோதனை: சாண்டர், டிரோன்கள் சொருகும் நான்கு துளைகளையும் அடைத்து, பையை நிறைய ஊதி, அழுத்திப் பாருங்கள். காற்று இறங்கினால் பையில் ஓட்டை, அல்லது மூட்டுகளில் கசிவு. மூட்டில் சுற்றிய மெழுகு நூல் தளர்ந்தால் டிரோன் நழுவும். அளவுக்கு மீறிச் சுற்றினால் மரம் வெடிக்கும்.

விழா நாளில் பிள்ளைகளை வெயிலில் ஒரு மணிநேரம் நிறுத்திவிட்டு, விருந்தினர் கார் நுழைந்ததும் ‘ஊதுங்க’ என்று கைகாட்டாதீர்கள். சூடேற ஏற சாண்டரின் சுருதி உயரும், டிரோன் விலகும். நிழலில் கால் மணிநேரம் ஊதவிட்டு, அப்புறம் சுருதி சேர்க்க அவகாசம் கொடுங்கள்.

ஊதுகுழாய் ஆளுக்கு ஒன்று. ஊதி முடித்ததும் பாகங்களைக் கழற்றி, துடைத்து, காயவைக்க வேண்டும். ஈரப் பையில் பூஞ்சை பிடிக்கும். அதை மூச்சோடு இழுத்து நுரையீரல் கெட்டு ஒருவர் இறந்ததை, 2016இல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் மான்செஸ்டர் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இந்த ஆகஸ்டுக்கு டிரம் பிள்ளைகள் மட்டும் நடக்கட்டும். பைப்பை அடுத்த ஆகஸ்டுக்குக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பைப் கற்றுத்தரும் முன்னாள் படைவீரர்கள்