திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஜப்பானியப் பாட்டுக் காதல் நகைச்சுவைப் படமான ‘ஒஷிதோரி உதகாஸ்ஸென்’ (1939). மகினோ மசஹிரோ இயக்கம். ஒளிப்பதிவு, பின்னாளில் ‘ரஷோமோன்’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்த மியாகவா கசுவோ. ஓடும் நேரம் 69 நிமிடம். பழம்பொருள் பித்துப் பிடித்த குடைக்காரராக ஷிமுரா தகாஷி பாடுகிறார். இயக்குநர் குரோசாவாவின் படங்களில் மட்டும் அவரைப் பார்த்தவர்கள் நம்ப மறுப்பார்கள்.

தமிழ் சப்டைட்டில் நாமே எழுதியது. சோதனை ஓட்டத்தில் முதல் சிக்கல் எழுத்து. டிசிபிக்குள் (அரங்குகளுக்கு வரும் டிஜிட்டல் படத் தொகுப்பு) எழுத்துக் கோப்பாக வைத்தால், அதை ஓட்டும் அரங்க சர்வர்கள் பல தமிழை ஒழுங்காகக் கோப்பதில்லை. ‘பெண்’ணின் கொம்பு அடுத்த எழுத்தில் போய் ஒட்டும், ‘குடை’யில் உகரம் தனியே நிற்கும். ஒவ்வொரு வசனத்தையும் பிஎன்ஜி படமாக்கிச் சேர்த்த பிறகே சரியானது.

அடுத்தது வேகம். சப்டைட்டிலுக்கு நாம் நேரம் குறிக்கப் பயன்படுத்திய பார்வைப் பிரதி வினாடிக்கு 25 பிரேம், டிசிபியோ 24. தொடக்கத்தில் வித்தியாசமே தெரியாது. முடிவுக்கு வரும்போது வசனம் சுமார் 2 நிமிடம் 45 வினாடி முந்திவிடும். தொடக்க நேரத்தைத் தள்ளி வைப்பதில் பயனில்லை. எல்லா நேரங்களையும் 25/24ஆல் பெருக்க வேண்டும். நகைச்சுவைக்கு அரை வினாடி முந்தினாலும் கேடுதான்: நடிகர் வாய் திறக்குமுன் அரங்கம் சிரித்துவிடும். அதனால் பீடிகை ஒரு சப்டைட்டில் அட்டையிலும் பதிலடி அடுத்த அட்டையிலும் வைத்தோம். நாயகி ஒஹாரு சலித்துக்கொள்ளும் ‘செ!’ மட்டும் எளிதாக அமைந்தது. நம் ‘ச்சே!’ அப்படியே பொருந்தியது.

படத்தின் அகல உயர விகிதம் 1.37:1. அரங்கின் 1.85 திரையில், 1998×1080 பிக்சல் பரப்பில், நடுவே 1480×1080 மட்டுமே படம். பக்கத்துக் கறுப்பு கண்ணை உறுத்துகிறதே என்று ஆபரேட்டர் ஜூம் செய்தால் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். முற்றம் நிறைய விரித்த குடைகளும் கீழே உள்ள சப்டைட்டிலும் அதோடு போகும். டிஜிட்டல் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, லேசாகச் சாம்பல் ஒளிரும். இருபுறமும் மாஸ்கிங் துணியை இழுத்துவிடுவதே மருந்து. ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தடம். நடு ஸ்பீக்கரில் மட்டும் ஓட்ட வேண்டும். இடம் வலம் இரண்டிலும் விட்டால், ஓர் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பாட்டு சுவரிலிருந்து வரும்.

டிசிபியின் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் நேரத்துக்கும் மட்டுமே செல்லும். கடைசி நேரத்தில் வேறு ஸ்கிரீனுக்கு மாற்றினால் படம் திறக்காது. ஸ்கிரீன் எண்ணை அரங்கிடம் எழுத்தில் வாங்குவது இனிக் கட்டாயம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சோதனை ஓட்டத்தைக் கடைசிப் பத்து நிமிடம் உட்பட முழுமையாக நடத்த, அரங்க வாடகையை வரும் ஆண்டுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்க்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்