செப்டிக் டேங்க் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செப்டிக் டேங்க் வேலை முடிந்தது. எல்லா வீட்டுக் கழிவறைகளும் மீண்டும் இணைக்கப்பட்டுவிட்டன. இதற்குத் திருப்பணி என்று பெயரா என்று கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைக் கடந்த நாட்களை நினைத்து, குழு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது.

முதலில் எங்கள் தவறு. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி பொங்கியபோதெல்லாம் "தொட்டி நிறைந்துவிட்டது" என்று லாரியை அழைத்தோம். ஒரே ஆண்டில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் நிம்மதி, பிறகு பழைய கதைதான். உண்மையில் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். ஒரு குடம் உள்ளே வந்தால் ஒரு குடம் வெளியே போகும். நாம் காலி செய்த தொட்டி மறுபடி நிரம்பும் வரை மட்டுமே உறிஞ்சுகுழிக்கு ஓய்வு கிடைத்தது.

தொட்டிக்குள் கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் அசையாமல் தங்க வேண்டும். அப்போதுதான் கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் சோப்பும் மேலே ஆடையாக மிதக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசடைத் தின்று அதன் அளவைக் குறைக்கும். நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் வெளியேறும் வாயில் டி வடிவக் குழாய் இருக்கிறது. அதன் கீழ்க்கால் ஆடையைத் தாண்டி நீருக்குள் இறங்கியிருக்கும்.

நம் தொட்டியில் அந்தக் கீழ்க்கால் உடைந்து விழுந்திருந்தது. மூடியைத் திறந்தபோது, ஏறக்குறைய தெளிவாக இருக்க வேண்டிய இரண்டாவது அறையிலும் ஒரு சாண் கனத்துக்கு ஆடை கட்டியிருந்தது. அது வருடக்கணக்காக உறிஞ்சுகுழிக்குள் வழிந்திருக்கிறது. குழியின் கல் இடுக்குகளில் கட்டைவிரல் கனத்துக்குக் கறுத்த வழுவழுப்பு. அதைச் சுரண்டியதும் பின்னாலிருந்த மண் ஏறக்குறைய காய்ந்தே இருந்தது. குழி நிறைய நீர், விரற்கடை தள்ளி உலர்ந்த மண்!

"ஓர் ஆளை இறக்கினால் ஒரு மணி நேர வேலை" என்று யோசனை சொன்னார்கள். குழு அதை ஏற்கவில்லை. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். இரண்டாவது வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போவது இப்படித்தான். ஆகவே வெளியேறும் வாய்க்கு நேர் மேலே புதிய திறப்பு வைத்து, மேலிருந்தபடியே குழாயை மாற்றினோம். இதனால் ஆறு நாள் கூடுதலாக ஆனது. அதற்காக வருத்தமில்லை.

பிறகு நல்ல நீர் நிரப்பி, சுவரில் கோடு போட்டு, 24 மணி நேரம் காத்திருந்தோம். மட்டம் இறங்கவில்லை, கசிவு இல்லை. மாடி மழைநீர்க் குழாய் ஒன்று தொட்டியில் சேர்ந்திருந்ததையும் கண்டு பிரித்துவிட்டோம். மழைக்குப் பின் கசடு கலங்கி வழிந்ததற்கு அதுவும் காரணம். புதிய உறிஞ்சுகுழி தோண்டியாயிற்று. பழையது சில காலம் ஓய்வில் இருக்கட்டும்.

பாக்டீரியா பொடி வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், தேவையானவற்றை நாமே தினமும் அனுப்புகிறோம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் வாளி வாளியாக ஊற்றாதிருந்தால் போதும். நாப்கின், ஈரத்துடைப்பான், சமையல் எண்ணெய் மூன்றும் குப்பைக்கே போகட்டும்.

இனி ஆண்டுக்கு ஒருமுறை, வெள்ளைத் துணி சுற்றிய கம்பை அடிவரை விட்டு எடுப்போம். துணியில் கறுப்பு ஏறிய உயரமே கசடின் உயரம். அது நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் லாரி வரும். முதல் அளவை எடுக்கும் நாளில், பார்க்க விரும்புவோர் வரலாம்.

வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. புதுக் குழியைச் சுற்றி நிரப்பிய மண் நான்கு விரல் அமர்ந்திருக்கிறது. அது முழுதாக அமர்ந்த பிறகு மேல்மண் போட்டுக் கொடுப்பதாக மேஸ்திரி ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை அங்கே வண்டி நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு