மங்கிப்போகிற தாள்

பகாவ்,
ஞாயிறு காலை

அன்புள்ள சுப்பையா,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாயாமே! பத்து நாளாக நான் ஆஸ்பத்திரியிலும் கட்டிலிலும் கிடந்தேன். ஹார்ட் அட்டாக். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன், பயப்படாதே.

அன்றைக்குக் காப்பிக்கடை அஞ்சடியில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் பாரம், சட்டை நனைய வியர்வை. காற்றுப் பிடிப்பு என்று நினைத்து சுடுதண்ணீர் குடித்தே ஒரு மணி நேரத்தைப் போக்கினேன். நம் பழைய தண்டல் தன் நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். வைத்ததும் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தார்கள். தாளில் பெரிதாக ஒன்றுமில்லை. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அந்தச் சின்ன டாக்டர் பெண் விடவில்லை. வலி நிற்காததால் இருபது நிமிடம் கழித்து மறுபடியும் எடுத்தாள். அதில்தான் அகப்பட்டது: இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்று தாளில் பெயர் போட்ட மூன்று இடத்திலும், கோட்டில் எஸ்டி என்கிற பகுதி இறங்காமல் மேட்டிலேயே நின்றது. இதயத்தின் அடிப்பக்கம் அடி வாங்குகிறது என்றாள்.

அப்புறம் ஒட்டுகளைப் பிய்த்து வலது மார்பில் ஒட்டினாள். இதயத்தின் வலது கீழறைக்கும் அடி. அந்த அறைக்கு ரத்தம் நிறைய வந்தால்தான் தள்ள முடியுமாம். தண்டல் கொடுத்த மாத்திரையோ வருகிற ரத்தத்தையே குறைத்துவிடும். சாய்ந்ததன் காரணம் அதுதான். உடனே டிரிப் ஏற்றினாள். (தண்டலிடம் இதைச் சொல்லவில்லை, பாவம்.)

எஸ்டி தூக்கினால் பெரும்பாலும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் முழுசாக அடைபட்டிருக்கிறது என்று அர்த்தமாம். தூக்காமல் ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிகிற அட்டாக்கும் உண்டு. அதற்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடமாட்டார்கள். எனக்குப் போட்டார்கள். பலூன் வைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாயைத் திறக்க இரண்டு மணி நேரம் தாண்டிவிடும், அவ்வளவு நேரம் காத்திருந்தால் இதயச் சதை செத்துப்போகும் என்றாள்.

தொண்ணூறு நிமிடம் கழித்து மூன்றாவது தாள். மேடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இறங்காமல் இருந்திருந்தால் அப்போதே பலூனுக்கு ஆம்புலன்ஸில் அனுப்பியிருப்பார்களாம். மறுநாள் நிதானமாகப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டேன்.

ஈசிஜி தாள் கடை ரசீது மாதிரி, நாளாக ஆக மங்கிவிடும். அதனால் போட்டோகாப்பி எடுத்தேன், உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். நடுத்தாளைப் பார். உன்னுடைய பழைய ஈசிஜியையும் தேடிக் காப்பி எடுத்து வை. அடுத்த முறை எடுக்கும்போது டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அன்புடன்,
உன் மாணிக்கம்