ஞாயிறு மாலை பிள்ளைகளுக்குப் படம்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 3 மணிக்கு தலவாக்கலை வாசிகசாலையில் 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வேர்ஸ்' போடுகிறோம். 2018இல் வந்த, ஒஸ்கார் வாங்கிய அனிமேஷன் படம். நாயகன் மைல்ஸ் மொராலஸ், 2011இல் மார்வெல் சித்திரக்கதையில் அறிமுகமான புரூக்ளின் பையன்.

பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். காட்டுக் காட்சியில், மைல்ஸைப் பழக்கும் மூத்த ஸ்பைடர்மேனான பீட்டர், செக்கனுக்கு 24 தனித்தனிப் படங்களாக வழுக்கிக்கொண்டு போவார். மைல்ஸுக்கு 12 தான், அதனால் அவன் அசைவு விட்டுவிட்டுத் தெரியும். அவன் இன்னும் பழகவில்லை என்பதை அசைவிலேயே காட்டிவிட்டார்கள்! சித்திரக்கதையின் அச்சுப் புள்ளிகளும் எழுத்துப் பெட்டிகளும்கூட திரையில் அப்படியே வரும். வரையப் பிடித்த பிள்ளைகள் கட்டாயம் வரவேண்டும்.

வசனம் ஆங்கிலம், இடையிடையே தமிழில் விளக்குவோம். முடிய 5 மணி தாண்டும், மேல் டிவிசன் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாராவது பெரியவர்கள் வாருங்கள். வருகிறவர்கள் சனிக்கு முன் இங்கே பெயர் போடுங்கள். குளிருக்கு சுவெட்டர் அவசியம்.