ஓடாத கம்பெனியைக் கவனியுங்கள்: கொங்கு தொழில் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கோவை பவுண்டரி, திருப்பூர் பனியன், கரூர் ஜவுளி என எந்தத் தொழிலானாலும், ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பிரைவேட் லிமிடெட் இருப்பது நம் பக்கத்து வழக்கம். ஒன்று ஓடும், இன்னொன்று எப்போதோ நின்றிருக்கும். நின்றதற்கு எதற்குக் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். டைரக்டர் தகுதியிழப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், பிரிவு 164(2)இன்படி, தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்கு நிதிநிலை அறிக்கையோ ஆண்டறிக்கையோ தாக்கல் ஆகாவிட்டால், அந்தக் கம்பெனியின் டைரக்டர்கள் மறுபடி டைரக்டராக நியமிக்கப்பட ஐந்தாண்டு தடை. இரண்டில் ஒன்று விட்டாலே போதும். நிதிநிலை அறிக்கைக்கான ஏஓசி-4 படிவத்தைப் போட்டுவிட்டு ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7ஐ மறந்தவர்களும் சிக்குகிறார்கள். ஜிஎஸ்டியும் வருமான வரியும் ஒழுங்காகக் கட்டியது இங்கே செல்லாது. 2017 செப்டம்பரில் தகுதியிழந்த டைரக்டர்களின் பட்டியல் வெளியானபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

பெரிய அடி பிரிவு 167இல் இருக்கிறது. தவறிய கம்பெனியில் பதவி தொடரும். மற்ற எல்லாக் கம்பெனிகளிலும் பதவி போய்விடும். 2018 மே மாதம் முதல் இதுதான் சட்டம். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கம்பெனியிலும் டைரக்டர் என்றால், தன் பழைய கம்பெனியின் கணக்கை விட்டதற்காக அங்கேயும் நாற்காலி காலி. பதவி போனது தெரிந்தும் கையெழுத்துப் போட்டு வந்தால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெயருக்கு டைரக்டராகச் சேர்த்த மனைவிக்கும் மருமகளுக்கும் இதே கதிதான். இது எங்களை மிகவும் வருத்துகிறது.

மூன்றாவது ஆண்டின் கெடு தாண்டுவதற்குள் விழித்தால் தப்பலாம். கம்பெனியின் ஆண்டுப் பொதுக்குழு நடந்து 30 நாளில் ஏஓசி-4, 60 நாளில் எம்ஜிடி-7 (சிறு கம்பெனிக்கு எம்ஜிடி-7ஏ). தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவம் ஓராண்டு தாமதித்தால் 73,000 ரூபாய். கசக்கத்தான் செய்யும், ஆனாலும் தடையை விட மலிவு. கெடு தாண்டியபின் மொத்தமாகத் தாக்கல் செய்வதால் மட்டும் ஐந்தாண்டு நீங்காது. அதன்பிறகு ராஜினாமா கொடுத்தும் பயனில்லை.

முன்பே விலகியவர், கம்பெனி தன் விலகலைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைப் போட்டதா என்று பார்க்க வேண்டும். போடவில்லை என்றால் ராஜினாமா கடிதமும் அனுப்பிய அத்தாட்சியும் வைத்துத் தாமே டிஐஆர்-11 தாக்கல் செய்யலாம். கடிதம் மட்டும் பீரோவில் இருந்தால் பதிவேட்டில் அவர் இன்னும் டைரக்டர்தான்.

நின்ற கம்பெனியை முறையாக மூட எஸ்டிகே-2 படிவம், கட்டணம் 10,000 ரூபாய். கடன்கள் தீர்ந்திருக்க வேண்டும், இரண்டு நிதியாண்டு தொழில் நடந்திருக்கக் கூடாது, தொழில் நின்ற நிதியாண்டு வரையிலான கணக்கும் தாக்கலாகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

டின் (டைரக்டர் அடையாள எண்) முடங்கியவர் முதலில் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேஒய்சி (அடையாள விவரச் சரிபார்ப்பு) விட்டதால் என்றால் கட்டணம் கட்டிப் படிவம் போட்டாலே சரியாகும். 164(2) என்றால் வழி வேறு. 2020 அக்டோபர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், இந்தத் தகுதியிழப்புக்காக டின்னை முடக்க விதிகளில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டி, அரசியல் சட்டம் 226இன் கீழ் ரிட் மனு போடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல்காரர்களுக்குச் சென்னை. கரூர்காரர்களுக்கு மதுரைக் கிளை. கம்பெனியையே கம்பெனிப் பதிவாளர் பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தால், அதை மீட்கப் பிரிவு 252இன்படி தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். ரிட் மனுவால் கம்பெனி உயிர் பெறாது, தீர்ப்பாய உத்தரவால் மட்டும் டைரக்டரின் தடையும் தானாக நீங்கிவிடாது. இரண்டையும் குழப்பிக் கொண்டு மாதக்கணக்கை இழக்கிறார்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். செப்டம்பர் பொதுக்குழுக் காலத்துக்கு முன், ஜூலையிலேயே ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் ஆடிட்டரையும் கம்பெனி செக்ரட்டரியையும் உட்கார வையுங்கள். உறுப்பினர்கள் தங்கள் டின்னோடு வீட்டார் டின் எண்களையும் கொண்டு வரட்டும். எம்சிஏ (மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் எந்தெந்தக் கம்பெனியில் யார் பெயர் நிற்கிறது, கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கு ஏறியிருக்கிறது என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
கம்பெனிச் சட்டப் பணி செய்வோர், கோவை